எடை * 900: பெருகியது காசா, பெட்டியா?

கணினி டீச்சர் பதில்கள், திருகோணமலை

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய்ச் சிக்கியிருக்கின்றன. பைதன் மொழியில் இயல்பாகவே இருக்கும் பட்டியல் ஒரு பக்கம், நம்பை என்ற நூலகம் தரும் எண் அணி மறு பக்கம். வைரஸ், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நிரல் வரிகளில் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரே வைத்திருக்கிறேன். பைதன் 3 அதை ஏற்றுக்கொள்ளும். பயப்படாமல் தட்டச்சு செய்து பாருங்கள்.

கேள்வி: டீச்சர், எங்கள் வாப்பா மீன் வியாபாரம். ஒரு நாள் எடுத்த நாலு பெட்டியின் எடையை எடை = [12, 8, 15, 10] என்று போட்டேன். கிலோ 900 ரூபாய். ஆகவே எடை * 900 என்று கொடுத்தேன். திரை முழுக்க இலக்கங்கள் ஓடத் தொடங்கிவிட்டன, நிற்கவே இல்லை. மடிக்கணினி பழுதா? கம்பஸில் படிக்கும் நானா "பட்டியலை விட்டுவிட்டு நம்பை அணி போடு" என்கிறார். இரண்டும் சதுர அடைப்புக்குறிதானே, என்ன வித்தியாசம்?
– உயர்தர மாணவி, கிண்ணியா

பதில்: மடிக்கணினிக்கு ஒன்றுமில்லை தங்கச்சி. ஓடிய இலக்கங்களை எண்ணிப் பார்த்திருந்தால் சரியாக 3600 இருந்திருக்கும். 12, 8, 15, 10 என்ற அதே நாலும் 900 தரம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். பட்டியலை ஒரு முழு எண்ணால் பெருக்கினால், "இந்தப் பட்டியலை இத்தனை தரம் அடுக்கு" என்றுதான் பைதன் எடுத்துக்கொள்ளும். நீங்கள் காசைக் கேட்டீர்கள், அது பெட்டியைப் பெருக்கிக் கொடுத்துவிட்டது.

இதில் எனக்குப் பிடிக்காத விஷயம், பைதன் ஒரு பிழைச் செய்தியும் காட்டாமல் பேசாமல் செய்துவிடுவது. விலை 900.50 என்று இருந்திருந்தால் உடனே டைப்எரர் என்று கத்தியிருக்கும், ஏனென்றால் ஒரு பட்டியலைத் தொள்ளாயிரத்து அரைத் தரம் அடுக்க முடியாது. ஐம்பது சதம் இல்லாமற் போனதால் உங்களுக்கு எச்சரிக்கையும் இல்லாமற் போனது. கூட்டலும் இப்படித்தான். எடை + [2] என்றால் ஒவ்வொரு பெட்டியிலும் 2 கிலோ கூடாது. கடைசியில் 2 கிலோ பெட்டி ஒன்று புதிதாக ஒட்டிக்கொள்ளும்.

அதே நாலு எண்களையும் நம்பையின் அரே என்ற சார்புக்குள் கொடுத்து அணியாக்கிவிட்டு எடை * 900 என்று கேளுங்கள். விடை 10800, 7200, 13500, 9000. அதன் கூட்டுத்தொகை 40500. வாப்பாவின் கொப்பியில் இருக்க வேண்டிய கணக்கு இதுதான்.

ஏன் இப்படி இரண்டு குணம்? பட்டியல் எதையும் ஏற்றுக்கொள்ளும். எண், பெயர், உண்மை பொய், இன்னொரு பட்டியல், எதைப் போட்டாலும் "சரி" என்று வாங்கி வைத்துக்கொள்ளும். ["கீரி", 12, "பாரை", 8] என்பதும் முறையான பட்டியல்தான். இதை 900 ஆல் பெருக்கு என்றால் "கீரி" என்ற சொல்லை எப்படிப் பெருக்குவது? உள்ளே என்ன இருந்தாலும் பொருந்துகிற ஒரே அர்த்தம் மொத்தத்தையும் திரும்ப அடுக்குவதுதான். பைதன் அதைத் தெரிந்தெடுத்திருக்கிறது. எண் அணியோ முன்கூட்டியே ஓர் உறுதி கொடுத்துவிடுகிறது: உள்ளே இருப்பவை எல்லாம் ஒரே வகை எண்கள். அந்த உறுதி இருப்பதால்தான் பெருக்கல் குறிக்கு நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அர்த்தத்தை அதனால் கொடுக்க முடிகிறது.

பெட்டிக்குப் பெட்டி மீன் வேறு, விலை வேறு என்றால் அணியின் அருமை இன்னும் தெரியும். விலை என்ற இன்னோர் அணியில் 900, 1400, 600, 1100 என்று வையுங்கள். (உதாரண விலைதான். இந்த விலைக்குப் பாரை கேட்டு மீன் சந்தைக்குப் போய்விட வேண்டாம், சிரிப்பார்கள்.) எடை * விலை என்றால் முதலாவது முதலாவதோடு, இரண்டாவது இரண்டாவதோடு பெருகி 10800, 11200, 9000, 11000 வரும். மொத்தம் 42000. இரண்டு பட்டியல்களை இப்படிப் பெருக்கப் பார்த்தால் பைதன் மறுத்துவிடும். ஃபார் லூப் போட்டு ஒவ்வொன்றாகத்தான் பெருக்க வேண்டும்.

வேகம், வேகம் என்று நானா சொல்லியிருப்பார். நாலு பெட்டிக்கு வேகம் பேசுவதில் அர்த்தமில்லை. நம்பையை உள்ளே அழைக்க எடுக்கும் நேரத்தில் லூப் வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். பத்து லட்சம் எண்கள் என்றால் கதை வேறு. பட்டியல் என்பது வீட்டு விலாசங்கள் மட்டும் எழுதிய கொப்பி மாதிரி. எண் அதற்குள் இல்லை, எண் நினைவகத்தில் எங்கே குடியிருக்கிறது என்ற முகவரிதான் இருக்கிறது. இன்றைய 64 பிட் கணினியில் சாதாரண பைதனில் அந்த முகவரிக்கு 8 பைட், தசம எண்ணுக்குத் தனியாக 24 பைட். ஆக ஒவ்வொன்றுக்கும் 32 பைட். அணியில் முகவரி கிடையாது. 8 பைட் எண்கள் இடைவெளி விடாமல் ஒன்றையடுத்து ஒன்றாகக் கிடக்கும். பத்து லட்சம் எண்களுக்கு ஒரு பக்கம் 320 லட்சம் பைட், மறு பக்கம் 80 லட்சம். கணக்குப் போடும்போதும் ஒவ்வோர் எண்ணிடமும் "நீ என்ன வகை" என்று விசாரிக்கத் தேவையில்லை. உள்ளே சி மொழியில் எழுதிய லூப் ஒரே மூச்சில் ஓடிவிடும்.

பரீட்சைக்கு நீங்கள் லூப்பையே எழுதுங்கள். நம்பை பைதனோடு கூடவே வருவதல்ல, தனியாக நிறுவ வேண்டியது. வினாத்தாளில் பார்ப்பது உங்களுக்குப் பட்டியலும் லூப்பும் கைவருகிறதா என்றுதான். வாப்பாவின் கணக்குக்கு எண்களை அணியில் வையுங்கள், மீன்களின் பெயர்களைப் பட்டியலிலேயே விடுங்கள். நானா சொன்ன மாதிரி பட்டியலைக் கைவிடத் தேவையில்லை.

கேள்வி: தினமும் பெய்யும் மழையை மில்லிமீற்றரில் அளந்து எழுதி வருகிறேன். அளக்க முடியாமற் போன ஒரு நாளுக்கு "இல்லை" என்று எழுதியிருந்தேன். பட்டியலாக இருந்தபோது பிரச்சினை தெரியவில்லை. அணியாக மாற்றியதும் எல்லா எண்களுக்கும் மேற்கோள் குறி முளைத்து, கூட்டவே முடியவில்லை. அந்த ஒரு நாளுக்கு 0 போட்டால் போதுமா?
– விவசாயி, மூதூர்

பதில்: ஐயா, 0 மட்டும் போட்டுவிடாதீர்கள். மற்றதை ஆறுதலாகப் பார்ப்போம்.

அணிக்குள் ஒரே வகைதான் இருக்கலாம் என்று மேலே சொன்னேன். எண்களோடு ஒரு சொல்லும் வந்தால், எல்லாருக்கும் பொதுவான ஒரு வகையை நம்பை தேடும். எண்ணை எழுத்தாக எழுதலாம், "இல்லை" என்பதை எண்ணாக்க முடியாது. ஆகவே எல்லாவற்றையும் எழுத்தாக்கிவிடும். 12.5 என்ற எண் '12.5' என்ற எழுத்துக்கோவை ஆகிவிட்டது. பார்வைக்கு எண், கூட்டலுக்கு உதவாது. முழு எண்களோடு ஒரு தசம எண் சேர்ந்தாலும் இதே நியாயம்தான், எல்லாம் தசமமாகும். அதில் யாருக்கும் நட்டமில்லை.

நட்டம் வருவது எதிர்த்திசையில். முழு எண்களை மட்டும் வைத்து அணியை உண்டாக்கிவிட்டு, பிறகு ஒரு நாள் அதன் ஓர் இடத்தில் 12.7 என்று எழுதினால் 12 தான் பதியும். புள்ளிக்குப் பின்னால் உள்ளது வெட்டுப்பட்டுப் போகும், எச்சரிக்கை வராது. மழைக் கணக்குக்கு அணி உண்டாக்கும்போதே எண்ணின் வகையைக் குறிக்கும் டிடைப் என்ற இடத்தில் ஃபுளோட், அதாவது தசம எண், என்று சொல்லிவிடுங்கள்.

அளக்காத நாளுக்கு நம்பையில் 'நான்' (nan) என்று ஒரு மதிப்பு இருக்கிறது. எண் அல்லாதது என்பதற்கான அடையாளம் அது, தசம அணிக்குள் எண்ணைப் போலவே உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அது தொற்றிக்கொள்ளும். சாதாரணமாகக் கூட்டினால் மொத்த விடையே 'நான்' ஆகிவிடும். நான்சம் (nansum), நான்மீன் (nanmean) என்ற சார்புகள் அந்த நாளை விலக்கிவிட்டுக் கூட்டும், சராசரி எடுக்கும்.

0 ஏன் கூடாது? மூன்று நாள், 40, அளக்காத நாள், 20 என்று வைப்போம். நடுவில் 0 போட்டால் சராசரி 20. விலக்கினால் 30. நமது பக்கத்தில் ஆண்டு மழையின் பெரும் பங்கு வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. கார்த்திகை மாதத்தில் மானியைப் பார்க்காமல் விட்ட ஒரு நாளை "மழையில்லை" என்று எழுதினால், வாய்க்காலில் நிற்கும் தண்ணீரே சாட்சிக்கு வந்துவிடும்.

கேள்வி: சுவாமி மலையில் நின்று விடியற்காலையில் எடுத்த படம் கொஞ்சம் இருட்டாக இருந்தது. பைதனில் திறந்து, அணியாக்கி, எல்லாவற்றிலும் 100 கூட்டினேன். கடல் வெளிச்சமானது. ஆனால் சூரியனைச் சுற்றி வானம் மட்டும் கறுத்து, திட்டுத்திட்டாக நிறம் மாறிவிட்டது. கூட்டினால் குறையுமா டீச்சர்?
– புகைப்பட ஆர்வலர், உப்புவெளி

பதில்: நல்ல கேள்வி தம்பி, பட்டியலில் இந்த விபத்து நடக்கவே நடக்காது.

படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 0 என்றால் அந்த நிறம் அறவே இல்லை, 255 என்றால் முழு அளவு. படத்தை அணியாக்கும்போது நம்பை ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு பைட்டைத்தான் ஒதுக்கும், அந்த வகைக்குப் பெயர் யூஇன்ட்8. ஒரு பைட்டுக்குள் 255 க்கு மேல் எழுத இடமில்லை. கடல் இருட்டாக, 60 என்று இருந்திருக்கும். 100 கூட்டினால் 160, அழகாக வெளிச்சமாகும். சூரியனுக்குப் பக்கத்தில் 200. அதற்கு 100 கூட்டினால் 300. 255 ஐத் தாண்டியதும் மறுபடி பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். ஆக 300 க்குப் பதில் 44. கடலின் பழைய 60 ஐயும் விட இருட்டு. அதுதான் உங்கள் கறுத்த வானம். சிவப்பு மட்டும் தாண்டி நீலம் தாண்டாத புள்ளிகளில்தான் அந்த விநோத நிறங்கள்.

பைதனின் சொந்த முழு எண்ணுக்கு மேல் எல்லை கிடையாது. பெரிதாகப் பெரிதாக நினைவகத்தில் கூடுதல் இடம் பிடித்துக்கொள்ளும். ஆகவே பட்டியலில் 200 ஐ எடுத்து 100 கூட்டினால் 300 தான். அணி அந்தத் தாராளத்தை விட்டுக்கொடுத்துத்தான் இடத்தையும் வேகத்தையும் மிச்சம் பிடிக்கிறது.

செய்ய வேண்டியது இது. 100 கூட்டுவதற்கு முன்பே ஆஸ்டைப் என்பதைக் கொண்டு அணியை இன்ட்16 வகைக்கு மாற்றுங்கள். அது 32767 வரை தாங்கும். கூட்டுங்கள். பிறகு கிளிப் என்ற சார்பால் 0 க்கும் 255 க்கும் இடையில் கட்டுப்படுத்துங்கள், 300 எல்லாம் 255 இல் நிற்கும். கடைசியாக மீண்டும் யூஇன்ட்8 ஆக்கிச் சேமியுங்கள். வரிசை முக்கியம். கூட்டிய பிறகு வகை மாற்றினால் 44 தான் பெரிய வகைக்குப் போகும், 300 திரும்பி வராது.

அணியின் ஷேப் என்ன என்றும் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். உயரம், அகலம், 3 என்று மூன்று எண்கள் வரும். பட்டியலுக்குள் பட்டியல் வைத்து இதைச் செய்யலாம்தான். ஆனால் ஒரு வரி நீளம், ஒரு வரி கட்டை என்று இருந்தாலும் பட்டியல் கேட்காது. அணி செவ்வகமாக இல்லாவிட்டால் உண்டாகவே மறுக்கும்.

கேள்வி: நிலாவெளியில் சிறிய விருந்தினர் விடுதி வைத்திருக்கிறோம். வாடகை என்ற அணியில் 8000, 8000, 9500, 12000. சீசன் இல்லாத மாதங்களுக்காக சலுகை = வாடகை[:2] என்று முதல் இரண்டை எடுத்து, சலுகை[0] = 6000 என்று மாற்றினேன். வாடகை அணியிலும் 6000 ஆகிவிட்டது! பட்டியலாக இருந்தபோது இப்படி நடக்கவில்லையே.
– வாசகர், நிலாவெளி

பதில்: நடக்காதுதான். பட்டியலை வெட்டி எடுத்தால் புதிய பட்டியல் பிறக்கும். அணியை இப்படி வெட்டினால் புதிய எண்கள் எதுவும் பிறப்பதில்லை. பழைய எண்களையே, இங்கிருந்து இதுவரை என்று எல்லை குறித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். பத்து லட்சம் எண்களில் பாதியை வேண்டும் என்ற ஒவ்வொரு முறையும் பிரதி எடுத்தால் நினைவகம் தாங்காது என்பதற்காக நம்பையை அப்படி அமைத்திருக்கிறார்கள்.

தனிப் பிரதி வேண்டுமானால் வெட்டிய கையோடு காப்பி என்று சொல்லுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: சலுகை - 1000 என்று எழுதினால் விடை புதிய அணி, வாடகைக்கு ஆபத்தில்லை. சலுகை -= 1000 என்று எழுதினால் அதே இடத்திலேயே கழியும், வாடகையும் குறையும். ஒரு சமன் குறியின் இடத்தைப் பொறுத்து இரண்டு அறையின் வருமானம் போய்விடும்.

கேள்வி: பட்டியலில் அப்பெண்ட் போட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அணியிலும் அப்பெண்ட் இருக்கிறது, ஆனால் எண்கள் கூடக் கூட நிரல் ஊர்கிறது.
– மாணவர், தம்பலகாமம்

பதில்: பெயர் ஒன்று, வேலை வேறு. பட்டியல் முன்யோசனையாகக் கொஞ்சம் வெற்றிடத்தைப் பிடித்து வைத்திருப்பதால் புதியது வந்தால் சட்டென்று உட்காரும். நம்பையின் அப்பெண்ட் ஒவ்வொரு முறையும் முழு அணியையும் புதிய இடத்துக்குப் பிரதி செய்துவிட்டுத்தான் ஒன்றைச் சேர்க்கும். சேர்க்கும் வேலையைப் பட்டியலிலேயே முடியுங்கள். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு ஒரே தரம் அணியாக்குங்கள்.

கேள்வி: சாதாரண தரத்தில் பஸ்கால் மொழியில் அணி படித்தேன். நம்பையின் அணியும் அதுவும் ஒன்றா?
– வாசகி, திருகோணமலை நகர்

பதில்: பாதி ஒன்று. பஸ்காலிலும் அணிக்கு நீளத்தை முதலிலேயே சொல்ல வேண்டும், உள்ளே ஒரே வகைதான். அந்தப் பழக்கம் உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் பஸ்கால் அணியை 900 ஆல் பெருக்கு என்றால் பெருக்காது, லூப்தான் போட வேண்டும். முழு அணியையும் ஓர் எண்ணைப் போலக் கையாளும் வசதி பைதனுக்கு 1995 இல் ஜிம் ஹுகுனின் எழுதிய நியூமெரிக் என்ற நூலகத்தோடு வந்தது. பிறகு நம்அரே என்ற இன்னொன்றும் கிளம்பி, ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். டிராவிஸ் ஒலிஃபன்ட் இரண்டையும் இணைத்தார். நம்பையின் 1.0 பதிப்பு 2006 இல் வந்தது.

கேள்வி: இஃப் எடை > 10 என்று போட்டால் வேல்யூஎரர் வருகிறது. கிண்ணியா தங்கச்சியின் மாதிரிதான், எடை அணியில் 12, 8, 15, 10. எனக்குப் பாரமான பெட்டிகள் மட்டும் வேண்டும்.
– அதே நகர் வாசகியின் தம்பி

பதில்: நாலு பெட்டிக்கு நாலு பதில் வருகிறது: உண்மை, பொய், உண்மை, பொய். 10 கிலோ 10 ஐ விடக் கூட இல்லை, ஆகவே கடைசியும் பொய். இஃப் கேட்பது ஒரே ஒரு பதிலை. நாலில் எதை எடுப்பது என்று தெரியாமல் அது மறுக்கிறது. ஒன்றாவது பாரமா என்றால் எனி, எல்லாமே பாரமா என்றால் ஆல். உங்களுக்கு வேண்டியது இரண்டும் இல்லை. எடை[எடை > 10] என்று எழுதுங்கள் தம்பி, 12 உம் 15 உம் மட்டும் வரும். அக்காவிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.